சினிமாட்டிக்கா, முழு நீள வீடியோவா? கல்யாண வீடியோகிராபரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ஐந்து மாதத்தில் கல்யாணம். வீடியோவுக்கு இரண்டு பேர் வரை பட்டியலைக் குறைத்துவிட்டீர்கள். ஒருவர் சினிமாட்டிக் ஆள், அவருடைய ஐந்து நிமிட ஹைலைட்டைப் (சிறந்த காட்சிகளைத் தொகுத்த சின்ன வீடியோ) பார்த்து உங்கள் வருங்கால மனைவி அழுதேவிட்டார். இன்னொருவர் டாக்குமென்டரி பாணியில் எடுப்பவர், அவர் படங்கள் உங்களுக்குக் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிகின்றன. நடுவில் உங்கள் அப்பா, மூன்று மணி நேர முழு வீடியோ வேண்டும், வந்தவர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும் என்கிறார். எந்த ஸ்டைல் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "அன்றைக்கு ஏதாவது சொதப்பிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. திரும்ப நடத்த முடியாத ஒரு நாளை, இதுவரை பழக்கமே இல்லாத ஒருவரிடம் எதை நம்பி ஒப்படைப்பது? ஸ்டைல் அதற்குள் அடங்கிய ஒரு சின்னக் கேள்விதான்.

நான் பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் கேமராவைப் பிடித்தேன், அப்புறம் முதுகுவலி வந்து எடிட்டிங் மேஜைக்கு மாறிவிட்டேன். அதிலிருந்து மற்றவர்கள் எடுத்த ஃபுட்டேஜைத்தான் (கேமராவில் பதிவான மூலக் காட்சிகள்) பெரும்பாலும் வெட்டி ஒட்டுகிறேன். அதனால் ஒரு வசதி உண்டு. எடுத்தவர் வாடிக்கையாளரிடம் சொல்லும் கதை ஒன்று, மெமரி கார்டு சொல்லும் கதை வேறு, இரண்டாவது கதையை மட்டுமே நான் பார்க்கிறேன். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கிரேன், இருபது பேர் குழு என்று நடக்கும் பெரிய தயாரிப்புகளில் நான் வேலை செய்ததில்லை, அங்கே என் கணக்கு பொருந்தாமல் போகலாம். கீழே தொழில்நுட்பம் பற்றிச் சொல்வது நிச்சயமான விஷயம். ரசனை பற்றிச் சொல்வது என் அபிப்பிராயம், தாராளமாக மறுக்கலாம்.

முதலில் இந்தப் பெயர்களை அதிகம் நம்பாதீர்கள். சினிமாட்டிக், டாக்குமென்டரி, கேண்டிட், ட்ரெடிஷனல் எதற்கும் தரக்கட்டுப்பாடு கிடையாது, அவரவர் விளம்பரத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கிம்பலில் (ஆட்டமில்லாமல் எடுக்க உதவும் கைப்பிடி) கேமராவை மாட்டிக்கொண்டு நடந்தாலே சினிமாட்டிக் என்பார், இன்னொருவர் எதையும் திட்டமிடாமல் வந்து நிற்பதை டாக்குமென்டரி என்பார். அதனால் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, அன்றைக்கு உங்களிடமிருந்து எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள், ஸ்டைல் தானாகத் தெரிந்துவிடும். சினிமாட்டிக் என்று இன்று நாம் பார்க்கும் அந்தத் தோற்றம், முகம் மட்டும் கூர்மையாக, பின்னணி கரைந்து, மெதுவாக நகரும் காட்சிகள், பெருமளவு 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகு பரவியது. அதுவரை கல்யாண வீடியோ கேமராக்களின் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) சின்னது, கிட்டத்தட்ட எல்லாமே ஃபோகஸில் இருக்கும். பெரிய சென்சாரில் முழு எச்.டி. வீடியோ கைக்கு எட்டியதும் எல்லோருக்கும் சினிமா எடுக்கும் ஆசை வந்துவிட்டது (எனக்கும்தான்). ஆனால் அந்தத் தோற்றம் சும்மா வருவதில்லை. நல்ல வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும், "இன்னொரு முறை நடந்து வாருங்கள்" என்று கேட்க வேண்டும், சூரியன் சாய்கிற நேரத்தில் உங்கள் இருவரையும் விருந்தினர்களிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதில் தவறே இல்லை. உங்கள் இருவருக்கும் அப்படி நடிப்பதும் நிற்பதும் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. கேமராவைப் பார்த்தாலே தோள் விறைத்துப்போகிறவர் என்றால் ஹைலைட்டில் அழகாகத் தெரிந்த அந்த ஜோடியைப் போல நீங்கள் தெரியப் போவதில்லை. அவர்களுக்கு அது இயல்பாக வந்தது, அவ்வளவுதான்.

டாக்குமென்டரி பாணியின் வேர் இன்னும் பழையது. 1960-களில் தோளில் தூக்கக்கூடிய 16 மி.மீ. கேமராவும், அதோடு ஒத்து ஓடும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகுதான், நடப்பதில் தலையிடாமல் பக்கத்தில் நின்று பதிவு செய்யும் முறை சாத்தியமானது. கவனியுங்கள், கேமரா மட்டும் வந்து அது சாத்தியமாகவில்லை, ஒலியும் கூடவே வந்ததால்தான். கல்யாணத்தில் இந்தப் பாணியை நன்றாகச் செய்பவர் உங்களை எதுவும் செய்யச் சொல்ல மாட்டார், ஆனால் யார் யாருக்கு என்ன உறவு, எப்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அழப்போகிறவருக்கு எதிரே போய் நின்றுகொண்டிருப்பார். மோசமாகச் செய்பவர் எல்லாவற்றுக்கும் அரை நொடி தாமதமாகக் கேமராவைத் திருப்புவார். ஹைலைட்டில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஏனென்றால் தவறியது எதுவும் அதில் இருக்காது.

இப்போது நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்த விஷயத்துக்கு வருகிறேன்: ஒலி. ஸ்லோமோஷன் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நொடிக்கு 120 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) எடுத்து, அதை நொடிக்கு 24 ஃபிரேமாக ஓட்டுகிறார்கள், ஒரு நொடி ஐந்து நொடியாக நீளும். பல கேமராக்களில் இந்த முறையில் எடுக்கும்போது ஒலியே பதிவாகாது. பதிவானாலும் ஐந்து மடங்கு இழுத்த குரலை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. அதனால் நாள் முழுக்க ஸ்லோமோஷனில் எடுக்கிறவர் ஊமைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், மேலே இசை ஓடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை. சில வருடம் முன்பு ஒரு படத்தை எடிட் செய்தேன். மணப்பெண்ணின் பாட்டி அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறார், இருவரும் சிரிக்கிறார்கள், பாட்டி அவள் கன்னத்தைத் தொடுகிறார். அற்புதமான ஷாட், ஹைலைட்டின் உச்சமே அதுதான். பாட்டி இறந்த பிறகு அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள், அந்த இடத்தில் பாட்டி பேசியது எங்கேயாவது இருக்கிறதா, என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது, குரல் இருந்தால் போதும் என்றாள். எல்லா ஃபுட்டேஜையும் திரும்பத் தேடினேன். இல்லை. அந்த அறையில் அப்போது ஓடிய ஒரே கேமரா 120-ல் ஓடியிருக்கிறது.

ஆகவே இருவரிடமும் முதலில் கேட்க வேண்டியது கேமரா என்ன மாடல் என்பதல்ல, ஒலியை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதுதான். நல்ல பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: மணமகனுக்கோ, சடங்கை நடத்துகிறவருக்கோ ஒரு காலர் மைக், அரங்கத்தின் ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து நேராக ஒரு பதிவு, அது தவறினால் கைகொடுக்க ஒலிபெருக்கிக்கு அருகே தனியாக ஒரு ரெக்கார்டர், கேமராவின் மேல் ஒரு மைக். மூன்று நான்கு வழி எதற்கு என்றால், ஒன்று எப்படியும் காலை வாரும். சின்ன வயர்லெஸ் மைக்குகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன, வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான போன்கள் இருக்கும் கூட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரலாம். மைக்குக்குள்ளேயே ஒரு பிரதி பதிவாகும் வகை இருந்தால் பிழைத்தோம். 32 பிட் ஃப்ளோட்டில் (மிக மெல்லிய ஒலியையும் மிகப் பலத்த ஒலியையும் தாங்கும் பதிவு முறை) பதிவு செய்யும் ரெக்கார்டர் என்றால், திடீரென்று யாராவது மைக்கில் கத்தினாலும் உடைந்த ஒலியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். "கேமரா மைக்கே நன்றாக எடுக்கும், கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தால் கவலைப்படுங்கள். பத்தடி தள்ளி நிற்கும் கேமரா மைக், மேடையில் பேசுகிறவரைவிட, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவரின் குரலைத்தான் நன்றாக எடுக்கும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. அவர்கள் எடுத்த ஒரு படத்தை ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும். மனிதர்கள் பேசுவது கேட்கிறதா, சிரிப்பு கேட்கிறதா, அறையின் சத்தம் கேட்கிறதா, அல்லது தொடக்கத்திலிருந்து கடைசி வரை பாட்டு மட்டும்தானா? இசை அழகாக இருக்கலாம், ஆனால் அது எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தும் இசை.

அடுத்தது ஹைலைட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குத் தேவையான நல்ல ஷாட்டுகள் மோசமான கேமராமேனுக்கும் ஒரு நாளில் கிடைத்துவிடும், நானே அப்படிப் பலரைக் காப்பாற்றியிருக்கிறேன். சில ரீல்கள் ஒரே கல்யாணமும் கிடையாது, முப்பது கல்யாணத்தில் பொறுக்கியது. ஒரே ஜோடியின் முழுப் படத்தைக் கேளுங்கள், முடிந்தால் கடந்த ஒரு வருடத்துக்குள் எடுத்ததை. அந்தக் குடும்பத்தின் அனுமதி வேண்டும் என்று சொன்னால் அது நல்ல அறிகுறிதான், கேட்டு வாங்கித் தரட்டும். அது வந்ததும் ஆரம்பத்தைப் பார்க்காதீர்கள், ஆரம்பத்தை எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். நடுவில் போய், அதிக சுவாரசியம் இல்லாத இருபது நிமிடத்தைப் பாருங்கள். யாராவது பேசும்போது பேசுகிறவர் மட்டும்தான் தெரிகிறாரா, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகமும் வருகிறதா? வந்தால் இரண்டாவது கேமரா இருந்திருக்கிறது, அதைப் பிடித்தவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. வயதானவர்கள், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், குழந்தைகள் எல்லாம் எப்படி வருகிறார்கள்? அழகான இளம் முகங்களையே சுற்றிச் சுற்றி வரும் கேமரா, உங்கள் கல்யாணத்திலும் அதைத்தான் செய்யும். முக்கியமான நொடியில் ஒரு கை குறுக்கே வந்தபோது என்ன செய்தார், நகர்ந்தாரா, அப்படியே நின்றாரா? கூட்டத்தை எடுக்கும்போது முன்வரிசை கூர்மையாகவும் பின்வரிசை மங்கலாகவும் இருந்தால், லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தே பழகியவர் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு முகத்துக்கு அது அழகு, ஒரு குடும்பத்துக்கு அது அநியாயம்.

வெளிச்சமும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் நிகழ்ச்சி இரவில், உள்ளரங்கில் என்றால் பகலில் புல்வெளியில் எடுத்த படத்தைப் பார்த்து என்ன பயன்? உங்களுடையதைப் போன்ற வெளிச்சத்தில் எடுத்ததைக் கேளுங்கள், குறிப்பாகத் தோலின் நிறத்தைப் பாருங்கள். மேடையில் ஊதா, நீல எல்.இ.டி. விளக்குகளைப் போட்டுவிட்டால் அதை எந்த கலர் கிரேடிங்கும் (எடிட்டிங்கில் நிறத்தைத் திருத்துவது) சரி செய்யாது, நீல வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும், ஊதாவில் பச்சையும் கிட்டத்தட்ட கிடையாது, இல்லாத நிறத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது? இது வீடியோகிராபரின் குற்றமும் அல்ல, அரங்க அலங்காரக்காரரிடம் நீங்கள் பேச வேண்டிய விஷயம். முகத்தின் மேல் விழும் விளக்கு வெள்ளையாக இருக்கட்டும், நிறங்களைப் பின்சுவரில் போட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும், ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) அதற்கு ஒத்துப்போகாவிட்டால் படம் முழுக்கக் கோடுகள் ஓடும். 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் அடங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 120 ஃபிரேம் ஸ்லோமோஷன் என்றால் ஷட்டரை 1/100-க்கு இறக்கவே முடியாது என்பதால் படபடப்பு வர வாய்ப்பு அதிகம். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. "விளக்கு ஃப்ளிக்கர் ஆனால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், தொழில் தெரிந்தவருக்கு முகம் மலர்ந்துவிடும், பத்து நிமிடம் பேசுவார்.

கருவிகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி 4கே-வா என்பது. 3840க்கு 2160 புள்ளிகள், முழு எச்.டி.-யைப் போல நான்கு மடங்கு, நல்லதுதான், இன்று கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. அதைவிட நான் 10 பிட்டா 8 பிட்டா என்று பார்ப்பேன், நிறம் ஒன்றுக்கு 1024 படிகளா 256 படிகளா என்பதுதான் அது, எடிட்டிங்கில் நிறத்தைத் திருத்தும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் உங்கள் பயத்துக்கு நேராக மருந்து போடும் கேள்வி வேறு: கேமராவில் இரண்டு கார்டு இடங்கள் இருக்கின்றனவா, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வீர்களா, அன்று இரவு தூங்கப் போவதற்கு முன் ஃபுட்டேஜ் எங்கெங்கே இருக்கும்? நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி., மூன்று கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 800 ஜி.பி.யைத் தாண்டும். இவ்வளவையும் அன்றே இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும், களைப்பில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் ஒருமுறை தோன்றியது. கேமராப் பையோடு கார்டும் டாக்சியிலேயே போய்விட்டது, ஐந்து மணி நேரம் கழித்து அந்த ஓட்டுநரே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஐந்து மணி நேரம் பற்றி நான் வீட்டில்கூடப் பேசுவதில்லை.

அடுத்து, யார் வருவார் என்று கேளுங்கள். நீங்கள் பார்த்து ரசித்த படத்தை எடுத்தவரே உங்கள் நிகழ்ச்சிக்கும் வருகிறாரா? ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டு மூன்று குழுக்களை அனுப்பும் நிறுவனங்கள் உண்டு, அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் வரப்போகிறவர் எடுத்த படத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யார் எடிட் செய்வார் என்பதும் அதே போலத்தான். என்னைப் போன்ற வெளியாட்களுக்கு அனுப்புவது சாதாரணம், நான் உங்களை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டேன், உங்கள் தாய்மாமன் யார், வெறும் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை மணமகனின் அக்காவைப் படம் முழுவதிலும் இரண்டே இடத்தில் வைத்தேன், அவர் ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்ததால் ஏற்பாட்டாளர் குழுவில் ஒருவர் என்று நினைத்துவிட்டேன். இருபது முகங்களின் புகைப்படத்தோடு பெயரும் உறவும் எழுதி ஒரு பக்கம் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், நண்பராகவே இருந்தாலும். அதில் வருகிறவரின் பெயர், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார், எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா, என்னென்ன நீளத்தில் என்னென்ன படம், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும், எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு விஷயங்களை மக்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, எடிட் செய்யாத மூல ஃபுட்டேஜ் உங்களுக்குக் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அவர் எத்தனை காலம் வைத்திருப்பார். பலர் தர மாட்டார்கள், அரைகுறை வேலை வெளியே போவது அவர்களுக்குப் பிடிக்காது, அது நியாயமான தயக்கம்தான், ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் படத்தை அவர் விளம்பரத்துக்குப் போடலாமா என்பது. வேண்டாம் என்றால் இப்போதே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். இசையும் இதோடு சேர்ந்ததுதான்: பிரபலமான பாட்டைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பீர்கள், அதை யூட்யூபில் ஏற்றினால் கன்டென்ட் ஐடி (உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூட்யூபின் முறை) பிடித்துவிடும், ஒலி போகலாம், படமே தடுக்கப்படலாம். உரிமம் வாங்கிய இசையில் ஒரு பிரதி, வீட்டில் மட்டும் பார்க்க உங்களுக்குப் பிடித்த பாட்டோடு ஒரு பிரதி என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டாவதற்கு வீடியோகிராபர் மறுத்தால் சண்டை போடாதீர்கள், உரிமம் இல்லாத பாட்டுக்கு மாட்டப்போவது அவர்தான்.

டிரோன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு நல்ல ஷாட் கிடைக்கும், அதற்கு மேல் அலுக்கும். கூட்டத்தின் தலைக்கு மேல் பறப்பதைப் பல நாடுகளில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், 250 கிராமுக்கு மேல் எடை என்றால் பதிவு தேவைப்படுவதும் பரவலான விதி, உங்கள் இடத்து விதியை ஓட்டுகிறவரே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதன் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகும், சடங்கு நடக்கும்போது வேண்டவே வேண்டாம். புகைப்படக்காரர் வேறு ஆள் என்றால் இருவரையும் முன்பே ஒருமுறை போனில் பேசவைத்துவிடுங்கள். ஒருவர் ஃப்ரேமில் இன்னொருவர் முதுகு தெரிகிற படங்கள் என்னிடம் எவ்வளவு இருக்கின்றன தெரியுமா.

இனி நிச்சயமில்லாத பகுதி. சினிமாட்டிக் தோற்றம் சீக்கிரம் பழசாகிவிடுமா? நிரூபிக்க முடியாது, ஆனால் ஆகும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு காலத்தில் இதய வடிவத்துக்குள் முகங்கள் சுழன்று வந்தன, பக்கம் புரள்வது போல் காட்சிகள் மாறின, அன்றைக்கு அதுதான் அழகு, கேட்டு வாங்கினார்கள். அந்தப் பழைய டேப்புகளை மாற்றிக்கொடுக்கச் சொல்லி இன்றும் என்னிடம் வருகிறார்கள். எஃபெக்ட் வரும் இடத்தில் சிரிக்கிறார்கள், ஏதோ ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். இன்றைய மங்கலான பின்னணியும் பழுப்பு நிறமும் நாளைக்கு அந்த இதய வடிவத்தின் இடத்துக்கு வரும் என்பது என் ஊகம். சிலர் இப்போது சூப்பர் 8 என்ற பழைய வீட்டுச் சினிமா ஃபிலிமில் எடுத்துத் தருகிறார்கள், கோடாக் 1965-ல் கொண்டுவந்தது, ஐம்பது அடி ஃபிலிம், நொடிக்கு 18 ஃபிரேமில் ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது நொடிக்குத் தீர்ந்துவிடும். அழகு என்றால் அழகு, ஆனால் சேர்த்துக்கொள்ளும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். போனில் நிமிர்த்தி எடுக்கும் ரீல்ஸுக்கென்று தனியாக ஒருவரை வைப்பது அவசியமா என்றால், எனக்கு இன்னும் தெளிவான கருத்து இல்லை. உங்கள் நண்பர் ஒருவரே அதைச் செய்துவிடுவார் என்று தோன்றுகிறது.

சரி, அப்பாவுக்கு வருவோம். அவர் கேட்பதும் நீங்கள் கேட்பதும் முரண்பாடே இல்லை, வீடியோகிராபரிடம் சரியாகக் கேட்டால் ஒரே ஃபுட்டேஜில் இரண்டும் கிடைக்கும். முக்கிய நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஸ்டாண்டில் ஒரு அகலமான கோணக் கேமரா, தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் ஓட வேண்டும், சரியான ஒலியோடு. அதைக் கையாள ஆள்கூட அதிகம் வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும், ஏனென்றால் பழைய புகைப்படக் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும் (முப்பது நிமிடம் தாண்டிப் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று சுங்கவரி அப்போது அதிகமாக இருந்தது, அதைத் தவிர்க்கத்தான் அந்த வரம்பு வந்தது), சில கேமராக்கள் சூடாகி அணைந்துவிடும். அதிலிருந்து பெரிதாக வெட்டாத முழுப் பதிவு அப்பாவுக்கு. மற்ற கேமராக்கள் எடுத்ததையும் சேர்த்து இருபது முப்பது நிமிடப் படம் ஒன்று, அதில் மனிதர்கள் பேச வேண்டும். அப்புறம் உங்கள் ஐந்து நிமிடம். எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நடுவில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்வேன். கூடவே வந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்பது அப்பாவின் கவலை என்றால், ஒருவர் அரை மணி நேரம் மேஜை மேஜையாக, வரிசை வரிசையாக நடந்து எல்லோரையும் நான்கு நொடியாவது எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லி வையுங்கள். சினிமாட்டிக் ஆட்களுக்கு இது போர் அடிக்கும் வேலை, சொல்லாவிட்டால் நடக்காது.

வாங்கியதைப் பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டிலோ கிளவுடிலோ. கோப்பை எச்.264 எம்பி4 என்ற வீடியோ வடிவத்தில் கேளுங்கள், கிட்டத்தட்ட எதிலும் ஓடும்.

உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு வீடியோகிராபர்களில் யார் என்றால், நான் முதலில் அந்தச் சாதாரணமாகத் தெரிகிறவரைத்தான் கூப்பிடுவேன், அவருடைய முழுப் படம் ஒன்றைக் கேட்டு ஹெட்ஃபோனில் கேட்பேன். அப்புறம் சினிமாட்டிக் ஆளிடமும் அதே கேள்விகள், அதே சோதனை. அவர் முழுப் படத்தை யோசிக்காமல் அனுப்பி, அதில் குரல்கள் தெளிவாக இருந்தால் அவரையே முடித்துவிடுங்கள், உங்கள் வருங்கால மனைவிக்குப் பிடித்தவர் என்பது சின்ன விஷயமில்லை. மூன்று முறை கேட்டும் ஹைலைட் மட்டுமே வருகிறது என்றால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு டாக்குமென்டரி ஆளுக்கு முன்பணம் அனுப்பலாம். அனுப்பும்போது அப்பாவுக்கான அந்த நிலையான கேமராவையும், முழுப் பதிவையும் மறக்காமல் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.